இரண்டு திதியும் ஒரு கரவனும்

1

அடுத்த கிழமை அப்பாவின் துவசம், வருடத் திதி. எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு பஞ்சாங்கங்கள் தொங்குகின்றன. ஒன்று ஊரிலிருந்து வந்த ஒருவருடைய சூட்கேசில் வந்தது. மற்றது லண்டன் நேரத்துக்கு என்று இங்கேயே கணித்து அச்சடித்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்று என் மனைவி சறோ கட்டளை போட்டிருக்கிறாள். பட்டு அறிந்த பிறகு போட்ட கட்டளை அது.

ஊரில் இருக்கும் உங்களுக்குத் திதி என்பது ஐயர் வந்து சொல்லிவிட்டுப் போகும் ஒரு நாள். எங்களுக்கு அது கணக்குப் பாடம். சந்திரன் ஒன்றுதான். ஆனால் லண்டனில், கிங்ஸ்பரியில், நான் காலைத் தேத்தண்ணி குடிக்கும்போது அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்தில் என் அண்ணை வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். அப்பா போனது ஆவணி மாதத்துத் தேய்பிறைச் சப்தமியில். அந்தச் சப்தமி சில வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தேதியில் வரும். சில வருடம் எனக்குத் திங்கட்கிழமை மத்தியானமும் அவருக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானமும் வரும். இதை விளங்கிக்கொள்ள ஒரு பென்சிலும் கடதாசியும் கொஞ்சம் பொறுமையும் போதும். எங்கள் இரண்டு பேரிடமும் பென்சிலும் கடதாசியும் இருந்தன.

அப்பா யாழ்ப்பாணத்தில் தபாலதிபராக இருந்தவர். எண்பத்தேழில் அவர் செத்தபோது என் அகதி வழக்கு முடியவில்லை, பாஸ்போட் அரசாங்கத்திடம் கிடந்தது. அண்ணையிடம் பாஸ்போட் இருந்தது, ஊருக்குப் போகப் பாதை இல்லை. தந்தி எங்களுக்குக் கிடைத்தபோது எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்ற மனுசனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் அவருக்கு இலை போட்டுப் படைப்பது ஒன்றுதான் எங்களால் ஏலுமானதாக மிஞ்சியது. அதையாவது சரியான நாளில் செய்ய வேண்டும் என்பதில் இரண்டு பேரும் பிடிவாதமாக இருந்தோம்.

எண்பத்தொன்பதில் துவசம் முடித்துச் சாப்பிட்ட கையோடு அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“அண்ணை, அப்பான்ரை துவசம் நல்லபடியா முடிஞ்சுது.”

“என்னடா முடிஞ்சது? நாளைக்கெல்லோ துவசம்.”

“உங்களுக்கு நாளைக்கு. எனக்கு இண்டைக்கு.”

“செத்தது ஒரு மனுசன். அவர் ரெண்டு தரம் சாகேல்லை. மூத்தவன் நான் இருக்க நீ எப்பிடி முந்துவாய்?”

“நான் முந்தேல்லை அண்ணை. சந்திரன் முந்தினது.”

“அப்ப எனக்குச் சந்திரனைத் தெரியாது எண்டு சொல்லுறாய்.”

பிறகு யாரோ ஒருவர் ரெலிபோனை வைத்தார். அது நான் இல்லை. அண்ணையைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். அன்றிலிருந்து ஆறு வருடம் எங்களுக்குள் கதை பேச்சு இல்லை.

கதை பேச்சு இல்லை என்றால் பகை என்று நினைக்கக் கூடாது. பகை வேறு, இது வேறு. இந்த ஆறு வருடமும் அண்ணை என் மகள் துளசியின் பிறந்தநாளுக்கு உடுப்பு அனுப்பத் தவறவில்லை. அவருடைய முதுகு நோவுக்கு நான் எண்ணெய் தேடி வாங்கி அனுப்பினேன். பார்சலில் மட்டும் அண்ணியின் பெயரை எழுதினேன். வாய் மட்டும்தான் மூடியிருந்தது.

துவசத்தை லண்டனில் தனியாகச் செய்வது லேசு என்று நினைக்காதீர்கள். படைத்த சோற்றில் ஒரு பிடியைக் காகத்துக்கு வைத்து, காகம் தின்ற பிறகுதானே நாங்கள் சாப்பிடலாம். கிங்ஸ்பரிக் காகங்களுக்கு எங்கள் சம்பிரதாயம் தெரியாது. பின்வளவு மதிலில் சோற்றை வைத்துவிட்டு நான் கா கா என்று கூப்பிட, அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு வருடம் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. மதிலில் உணவு வைத்து எலிகளை வரவழைப்பதாகவும், விசித்திரமான சத்தம் போடுவதாகவும் அயலவர் முறைப்பாடு செய்திருக்கிறாராம். இது வருடத்துக்கு ஒரு முறை, என் தகப்பனாருக்கு, என்று பதில் எழுதினேன். தகப்பனார் இந்த முகவரியில் வசிக்கிறாரா என்று கேட்டு இன்னொரு கடிதம் வந்தது.

2

சறோவும் அண்ணியும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெலிபோனில் கதைப்பார்கள். புருசன்மார் கதைக்காத வார்த்தைகளையும் சேர்த்துக் கதைப்பார்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அப்படிக் கதைத்துக் கதைத்தே அந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு நாங்கள் அடிலெய்ட் போவது. அங்கே அண்ணையின் காருக்குப் பின்னால் ஒரு கரவனைக் கொளுவி, அதாவது சில்லு வைத்த ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து இழுத்துக்கொண்டு, எல்லோருமாகத் திராட்சைத் தோட்ட நாடு பார்த்து, அதற்கு அப்பால் வடக்கே மனிதர் குறைந்த செம்மண் மலைகளுக்குப் போவது. பத்து நாள் பயணம். ஏழாம் நாள் ஆவணிச் சப்தமி.

“இஞ்சருங்கோ,” என்றாள் சறோ. “இந்த முறை உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே சூரியன், ஒரே மத்தியானம். சண்டை பிடிக்கிறதுக்குத் திதி இல்லை. ஒண்டாய் நிண்டு செய்யுங்கோ, வாயையும் திறவுங்கோ. இல்லாட்டி அடுத்த வருசம் துவசத்துக்கு நான் சமைக்கமாட்டன். அண்ணியும் அங்கை அதைத்தான் சொல்லிப்போட்டா.”

“சமைக்காட்டி அப்பா என்ன செய்வார்?”

“மாமா பட்டினி கிடப்பார். ரெண்டு பிள்ளையளின்ரை வாயாலை.”



விசா எடுக்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தை வாசித்தாள்.

“உங்களை உங்கள் சகோதரர் அழைத்திருக்கிறாரா?”

“அவருடைய மனைவி அழைத்திருக்கிறா.”

“கடிதத்தில் சகோதரரின் கையெழுத்து இருக்கிறதே.”

“கையெழுத்துப் போட்டவர். கதைப்பதில்லை.”

“கடைசியாக அவரோடு எப்போது பேசினீர்கள்?”

“எண்பத்தொன்பதில்.”

“அவரோடு பத்து நாள் ஒரு கரவனில் தங்கப் போகிறீர்கள்?”

“ஓம்.”

அவள் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விசாவைத் தந்தாள். இரக்கப்பட்டுத் தந்தாள் என்று சறோ சொல்கிறாள். எனக்கென்றால், எங்கள் சண்டை எப்படி முடிகிறது என்று அவள் அறிய விரும்பியது போலத்தான் தெரிந்தது.

விமானத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பணிப்பெண் தள்ளுவண்டியோடு வந்தபோது, விரல் நீளப் பிராந்திப் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். வாழ்நாளில் மதுவைத் தொடாத புருசனைச் சறோ திரும்பிப் பார்த்தாள்.

“என்னது?”

“முழங்காலுக்குப் பூச,” என்றேன்.

3

அடிலெய்ட் விமான நிலையத்தில் எங்கள் பையைத் திறந்த அதிகாரி, எள்ளை விட்டார், பஞ்சாங்கத்தை விட்டார், தர்ப்பைப் புல்லில் நின்றுவிட்டார். இது எதற்கு என்று கேட்டார். விரலில் மோதிரமாகப் போட என்றேன். எதற்கு என்றார். என் தகப்பனாருக்குச் சாப்பாடு கொடுக்கும்போது போட வேண்டும் என்றேன். தகப்பனார் எங்கே இருக்கிறார் என்றார். செத்து எட்டு வருடம் என்றேன். அவர் என் தோளுக்கு மேலாகத் துளசியைப் பார்த்தார். பதினொரு வயதுத் துளசி, லண்டனில் பிறந்தவள், நல்ல ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் துளசியைப் பாராட்டிவிட்டு, தர்ப்பையை எடுத்துக் குப்பைப் பெட்டிக்குள் போட்டார்.

வெளியே அண்ணை நின்றார். முன்மயிர் போய்விட்டது. என் வயிற்றைப் பார்த்து அவரும் ஏதோ நினைத்திருப்பார். கிட்ட வந்து, என் கையிலிருந்த பெரிய சூட்கேசை ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நோவுள்ள முதுகு. நானும் ஒன்றும் சொல்லாமல் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன்.

“பிள்ளை,” என்றார் துளசியிடம், “அப்பாட்டைக் கேள், பிரயாணம் எப்பிடி எண்டு.”

துளசிக்குத் தமிழ் விளங்கும், வாயில் வராது. எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள்.

“நல்லம் எண்டு பெரியப்பாட்டைச் சொல்லு,” என்றேன்.

“குட்,” என்றாள் பெரியப்பாவிடம்.

அடுத்த ஆறு நாளும் இந்த ஏற்பாடுதான். அண்ணை காரோட்டுவார். நான் பக்கத்தில் வரைபடத்தோடு இருப்பேன். எங்கள் இரண்டு முழங்கைகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பின்சீற்றில் துளசி, சறோவுக்கும் அண்ணிக்கும் நடுவில் இருந்தபடி.

“பெரியப்பாட்டைச் சொல்லு பிள்ளை, வாற சந்தியிலை இடப்பக்கம் திரும்பச் சொல்லி.”

அண்ணைக்குக் காது நல்ல காது. அவருக்கு அது கேட்டிருக்கும். ஆனால் கேட்டதாகக் காட்டினால் அது கதைத்த கணக்காகிவிடும். ஆகையால் துளசி வோக்மனைக் காதிலிருந்து கழற்றி, என்ன என்று என்னைக் கேட்டு, அவரிடம் அதைச் சொல்லும்வரை காத்திருப்பார். அதற்குள் சந்தி போய்விடும். கரவனோடு வட்டமடித்துத் திரும்ப அந்த நாட்டில் மைல் கணக்காக ஓட வேண்டும். இப்படி நாங்கள் பார்த்த ஊர்களில் பாதி, பார்க்க நினைக்காத ஊர்கள்.

பரோசாப் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி அண்ணி ரெலிபோனில் ஆறு மாதம் வர்ணித்திருந்தா. போய்ப் பார்த்தால் ஒரு இலை இல்லை. ஆவணி அங்கே குளிர் முடிகிற காலம். மலைச்சரிவு முழுக்கக் கம்பியில் கட்டிய தடிகள் வரிசை வரிசையாக நின்றன.

“பெரியம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஸ்டிக்ஸ்,” என்றாள் துளசி.

“மாசியிலை வந்திருக்க வேணும் பிள்ளை,” என்றா அண்ணி.

அண்ணை ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே வைன் செய்யும் ஓர் இடத்தில் ஆய்வுகூட வேலை. திராட்சைச் சாற்றில் சீனி எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று அளப்பது. எங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைக்கு முட்டைகூடத் தொடாத என் அண்ணை, ஒரு கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்தார், சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக் கொப்பளித்தார், பக்கத்திலிருந்த வாளிக்குள் துப்பினார். சறோ என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளை, அப்பாட்டைச் சொல்லு,” என்றார் அண்ணை வாயைத் துடைத்தபடி. “இது உத்தியோகம். துப்பினால் குடிச்ச கணக்கில்லை.”

“பெரியப்பாட்டைச் சொல்லு, நான் ஒண்டும் கேக்கேல்லை எண்டு.”

துளசி இரண்டு பேரையும் பார்த்தாள். “ஹீ நோஸ். யூ நோ,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அன்று பின்னேரம் நான் முகம் துடைக்கக் கரவனுக்குள் துவாய் எடுக்கப் போனபோது, அண்ணை ஒரு போத்தலைப் பேப்பரில் சுற்றி இருக்கைக்குக் கீழே, வெங்காயப் பைக்குப் பின்னால், ஒளித்து வைப்பதைக் கண்டேன். துப்பாத குடியும் இருக்கிறது போல என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கவலையாகிவிட்டது. இந்த மனுசன் தனியாக இந்தத் தேசத்தில் குடிக்கப் பழகிவிட்டார், நானோ ஆறு வருடமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மனம் குத்தியது. அப்போதும் வாயைத் திறந்தேனா என்றால், இல்லை.

4

கரவனை முன்னுக்கு இழுப்பதற்குச் சாரதி ஒருவர் போதும். பின்னுக்கு விடுவதற்கு, சாரதியோடு பேச்சு வார்த்தை உள்ள இன்னொருவரும் வேண்டும். இது ஐந்தாம் நாள்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதுவரை நேரே போய் நேரே நிற்கக்கூடிய இடங்கள் கிடைத்தன. அன்றைக்குக் கிடைத்த இடத்துக்குள் பின்பக்கமாகத்தான் போகலாம். ஒரு பக்கம் மரம், மற்றப் பக்கம் தண்ணீர்க் குழாய்.

நான் பின்னால் நின்றேன். துளசி நடுவில் நின்றாள். அண்ணை கண்ணாடியில் துளசியை மட்டும் பார்த்தார்.

“வரட்டும் எண்டு சொல்லு. வரட்டும். வலப்பக்கம் வெட்டச் சொல்லு.”

“ரைட், பெரியப்பா.”

“இனி ஒடிக்கச் சொல்லு. காணும் காணும். நிப்பாட்டச் சொல்லு.”

“வட் இஸ் ஒடிக்க?”

அதை நான் விளக்கத் தொடங்கினேன். அந்த நேரத்தில் கரவன் குழாயை விளக்கமாகச் சந்தித்தது. தண்ணீர் பனை உயரத்துக்குப் பாய்ந்தது. நான் நனைந்தேன், துளசி நனைந்தாள், பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பேப்பர் வாசித்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் நனைந்தார். அண்ணை காரை விட்டு இறங்கி வந்தார். நானும் அவரும் இரண்டு பக்கமும் நின்று உள்ளங்கைகளால் அந்தக் குழாயைப் பொத்திப் பிடித்தோம். அவருடைய கைக்கு மேலே என் கை. மூக்கால் தண்ணீர் வடிய ஒருவரை ஒருவர் பார்த்தபடி, கரவன் தரிப்பிடத்துக் காவலாளி வந்து பிரதான குழாயைப் பூட்டும்வரை, ஒரு சொல் கதைக்காமல் நின்றோம்.

அண்ணி கரவன் வாசலில் வந்து நின்றா. “சறோ, இதுகளோடை இனி ஏலாது. நாளையிண்டைக்குத் துவசத்துக்கும் வாய் திறக்காட்டி நானும் நீயும் பிள்ளையும் பஸ்ஸிலை போவம்,” என்றா.

5

பிளிண்டர்ஸ் மலைத்தொடரை நான் வர்ணிக்கப் போவதில்லை. சிவப்பு மலை, அதற்குப் பின்னால் ஊதா மலை, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அவ்வளவு ஒன்றும் இல்லாததை நான் அதுவரை கண்டதில்லை. மரங்களுக்கு இடையில் கரவன்கள் நிற்கும் ஒரு வெளியில் தங்கினோம். முந்தின நாள் குழாயடியில் நனைந்த அதே கிழவரும் வந்து பக்கத்தில் நின்றார். இந்த முறை கதிரையைத் தள்ளிப் போட்டார்.

சப்தமி அன்று காலை பொதுக் குளியலறையில் தோய்ந்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, அந்தச் செம்மண் வெளியில் நாங்கள் இருவரும் நடந்து வந்தபோது பல கரவன் யன்னல்களில் திரைச்சீலை அசைந்தது. இரண்டு அடுப்புள்ள அந்தச் சின்னச் சமையலறைக்குள் சறோவும் அண்ணியும் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், கீரை, வடை, பாயசம் எல்லாம் செய்தார்கள். அண்ணை ஐஸ் பெட்டிக்குள் வாழையிலை கொண்டுவந்திருந்தார். தன் வீட்டுப் பின்வளவில் வளர்த்த தர்ப்பையும் வைத்திருந்தார். இரண்டு மோதிரம் முடிந்து ஒன்றைத் துளசியிடம் கொடுத்து, என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

ஐயருக்கு எங்கே போவது? அதற்கு வழி நான் கொண்டுவந்திருந்தேன். எங்கள் லண்டன் ஐயர் கிரியை முழுவதையும் கசற்றில் பதிந்து தந்திருந்தார். காரின் நாலு கதவையும் திறந்து விட்டுக் கசற்றைப் போட்டோம். தெற்கே பார்த்து நானும் அண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம். சமஸ்கிருதம் எங்கள் இருவருக்கும் தெரியாது. வருகிறதை அப்படியே சொல்வதுதான் பழக்கம். ஐயர் தன் வீட்டுச் சமையலறையில் இருந்து பதிந்திருக்கிறார். அப்பாவின் பெயரும் கோத்திரமும் சொல்லி, மூன்று முறை தண்ணீர் விட்டு, அடுத்ததாக அவர் சொன்னதையும் நாங்கள் கணீரென்று சொன்னோம்.

“ஓம், வாறன். தேத்தண்ணியை மூடி வையும்.”

சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தோம். ஆறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன முதல் தமிழ் வசனம் அதுதான். கரவனுக்குள் சறோவும் அண்ணியும் சிரித்த சிரிப்பில் கரவன் ஆடியது. இது கதைத்த கணக்கா இல்லையா என்று அவர்கள் உள்ளே வாதாடுவது கேட்டது. இல்லை என்று தீர்ந்தது போல, ஒருவரும் வெளியே வரவில்லை.

இலையில் பாயசம் தவிர எல்லாம் படைத்தாயிற்று. பாயசம் எடுக்கத் துளசியும் உள்ளே போனாள். அந்த இடைவெளியில் அண்ணை எழும்பி, கள்ளமாகக் கரவன் பக்கம் பார்த்து, பக்கத்தில் மடித்து வைத்திருந்த சால்வைக்குள்ளிருந்து அந்தப் பேப்பர் சுற்றிய போத்தலை எடுத்தார். சில்வர் டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றினார். இலையின் தலைப்பக்கம், வடைக்குப் பின்னால், மறைவாக வைத்தார்.

திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார். என் வேட்டி மடிப்பிலிருந்து நான் அந்த விரல் நீளப் பிராந்திப் போத்தலை எடுத்து, இலையின் மற்றப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் போத்தலைப் பார்த்தார். நான் அவருடைய டம்ளரைப் பார்த்தேன். சிவப்பு வைன். எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணை, அப்பா பிராந்தியெல்லோ எடுக்கிறவர். உது அவருக்குப் புளிச்சேப்பம் வரும்.”

அண்ணை கையிலிருந்த போத்தலைச் சால்வைக்குள் திரும்பச் சுருட்டினார்.

“உனக்கெப்பிடியடா தெரியும்?”

“எனக்குத் தெரியாமலோ? சனிக்கிழமை முழுகினாப் பிறகு அலுமாரியிலை, தபால் புத்தகங்களுக்குப் பின்னாலை இருந்து எடுப்பார். நான்தான் படலையடியிலை காவல். ஆரும் வந்தால் இருமிக் காட்ட வேணும்.”

“சனிக்கிழமையோ?” அண்ணை கிட்ட வந்தார். “புதன்கிழமை எல்லோ. புதன்கிழமை முழுகினாப் பிறகு. நான்தான் காவல். நான் தேவாரம் பாடிக் காட்ட வேணும்.”

“எனக்கு அப்பா சொன்னவர், உன்னைத் தவிர ஆருக்கும் தெரியாது, கொண்ணைக்கும் சொல்லாதை எண்டு.”

“எனக்குச் சொன்னவர், தம்பிக்கு மூச்சு விடாதை எண்டு.”

“அப்ப கிழமையிலை ரெண்டு நாளோ?”

“ரெண்டு நாள்,” என்றார் அண்ணை.

நாற்பது வருடம் வாய் திறக்காத இரண்டு காவல்காரர்கள். ஊரே கும்பிட்ட சைவப்பழம், தபாலதிபர் ஐயா, இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியாக நம்பியிருக்கிறார். செத்த வீட்டுக்குப் போகாத எங்களுக்கு அழுகை அந்த நேரத்தில்தான் வந்தது. வந்த அழுகை சிரிப்போடு சேர்ந்து, எது எதென்று தெரியாமல், வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றோம். லண்டனிலும் நான் ஒவ்வொரு துவசத்துக்கும் சறோவுக்குத் தெரியாமல் ஒரு மூடி பிராந்தி வைக்கிறவன் என்று சொன்னேன். தானும் அப்படித்தான், ஆனால் பிராந்தி வாங்கினால் அண்ணிக்குச் சந்தேகம் வரும், வேலைத்தலத்து வைன் என்றால் கேள்வி இல்லை என்றார்.

“எட்டு வருசமாப் புளிச்சேப்பத்தோடை விட்டிட்டன் மனுசனை,” என்றார்.

கரவன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

“டேய், பொம்பிளையள் வருகினம். காவல் நில்,” என்றார் அண்ணை.

நான் ஓடிப்போய் வழியில் நின்று இருமினேன். அவர் டம்ளரிலிருந்த வைனை மண்ணில் ஊற்றிவிட்டுப் பிராந்தியை விட்டார். பழைய பழக்கத்தில் அவர் வாய் தேவாரத்தை முணுமுணுக்க, எனக்குத் தெரியாமலே என் கை தாளம் போட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத் துளசி லண்டன் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி, கற்பனை என்று ரீச்சர் எழுதிய குறிப்போடு கொண்டுவந்தாள். காகத்துக்கு ஒரு பிடியைக் கல்லில் வைத்து எல்லோரும் கா கா என்று கூப்பிட்டோம். மரத்தில் இரண்டு காகம் இருந்தன. பார்த்தன, வரவில்லை. பசி. அரை மணித்தியாலம். பிறகு பற்றைக்குப் பின்னாலிருந்து ஆள் உயரத்தில் ஒரு ஈமு வந்தது. கோடு போட்ட குஞ்சுகள் நாலைந்து அதன் காலுக்குள். கழுத்தை நீட்டி, தலையைச் சரித்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. முத்திரை ஒட்டாத கடிதத்தை அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

“இஸ் தட் அப்பப்பா?” என்று துளசி மெல்லக் கேட்டாள்.

ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஈமு கல்லில் இருந்த சோற்றைத் தின்றது. பிறகு நடந்து வந்து இலையில் இருந்த வடைகளையும் ஒவ்வொன்றாக விழுங்கியது. அது ஆண் என்றும், அந்தப் பறவையில் குஞ்சுகளைத் தகப்பன்தான் வளர்க்கும் என்றும் பக்கத்துக் கிழவர் தன் கதிரையிலிருந்து எட்டிச் சொன்னார். கடைசியாக அது டம்ளருக்குள் அலகை விட்டது. தலையை உயர்த்தி, தொண்டையைக் குலுக்கி, மீண்டும் விட்டது.

“உதுக்குள்ளை என்ன?” என்று அண்ணி கேட்டா.

“மருந்து,” என்றோம் நானும் அண்ணையும் ஒரே குரலில்.

சறோ என் முழங்காலைப் பார்த்தாள். சாப்பிட வாங்கோ என்று மட்டும் சொன்னாள்.

மிச்ச மூன்று நாளும் நாங்கள் கதைத்த கதையில், இதற்கு முந்திய ஏற்பாடே நல்லது என்று துளசி வோக்மனைக் காதில் மாட்டிக்கொண்டாள். சந்திகளை அப்போதும் தவறவிட்டோம். இந்த முறை கதையில்.

6

இது நடந்து இரண்டு வருடம். சறோவின் கட்டளையை மீறி, நேற்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டு பஞ்சாங்கத்தையும் இறக்கி, பென்சிலும் கடதாசியுமாகக் கணக்குப் போட்டேன். நான் பயந்ததுதான். இந்த வருடம் எனக்கு ஒரு நாள், அண்ணைக்கு அடுத்த நாள். பஞ்சாங்கங்களைத் திரும்பக் கொளுவிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் இருந்தேன். பழைய பயம்தான். மூத்தவர் இருக்க நான் முந்துவது.

அப்போது ரெலிபோன் அடித்தது. அண்ணை. அங்கேயும் பென்சிலும் கடதாசியும்தான்.

“டேய், பாத்தனியே?”

“பாத்தனான் அண்ணை. நீங்கள் செய்யிற நாளிலையே நானும் செய்யிறன். நீங்கள் மூத்தவர்.”

“விசர்க் கதை கதையாதை. அந்த மனுசன் கிழமையிலை ரெண்டு நாள் எடுத்தவர். வருசத்திலை ரெண்டு நாள் குடுத்தால் நாங்கள் குறைஞ்சோ போவம்?”

மேலே குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் குரலைத் தாழ்த்தினேன். அங்கே அண்ணியும் வந்திருக்க வேண்டும், அவரும் தாழ்த்தினார்.

“திங்கக்கிழமை நீ காவல்,” என்றார். “செவ்வாய் நான்.”